வெமானு ஊராட்சியின் வெள்ளிக் கோல்

அத்தியாயம் 3

"கோலைக் காணோம்!"

உம்பெலினா அக்கா மூச்சு வாங்க வந்து இதைச் சொன்னபோது பெலிஸ்மினா அக்கா வாழைப்பழ வறுவலைக் கடித்துக்கொண்டிருந்தார். கடித்ததை நிதானமாக மென்று விழுங்கி, விரலைத் துடைத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"நிறம், உயரம், அடையாளம் சொல்லு. கொம்பு எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கும்?"

"பெலிஸ்மினா, தொலைஞ்சது எருமை இல்லை!"

எல்லாம் பழக்கதோஷம். பௌகாவ் சமூக வானொலியில் தினமும் காலையில் 'தொலைந்ததும் கிடைத்ததும்' என்ற நிகழ்ச்சியை நடத்துகிறவர் பெலிஸ்மினா அக்கா. ஓடிப்போன எருமை முதல் போரில் பிரிந்துபோன மச்சான் வரை அவர் கண்டுபிடித்துக் கொடுத்தவை ஏராளம். எங்கள் நாட்டை இந்தோனேசியக்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் கொண்டைக்குள் ரகசியச் சீட்டை வைத்துக்கொண்டு ராணுவத்தின் மூக்குக்கு முன்னாலேயே நடந்தவர். அதனால் ஒளிக்கிறவன் புத்தி எந்தப் பக்கம் ஓடும் என்பது அவருக்கு அத்துபடி. என் பெயர் அனிசெத்தோ. அவருக்கு ஒலிப்பதிவு செய்வது, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, நேரம் கிடைத்தால் திட்டு வாங்குவது, இவைதான் என் உத்தியோகம்.

"அழாம சொல்லு" என்றார் பெலிஸ்மினா அக்கா.

உம்பெலினா அக்கா சொன்னார். தேர்தலில் அவர் ஜெயித்தது ஊருக்கே தெரியும். வெமானு ஊராட்சிக்கு ஒரு பெண் தலைவியாவது இதுதான் முதல் தடவை. இன்று சாயங்காலம் ஆலமரத்தடியில் பதவியேற்பு. பழைய தலைவர் சிப்ரியானு பெரியவர், வெள்ளிக் குமிழ் வைத்த பிரம்புக் கோலைக் கையில் கொடுத்தால்தான் பதவி வந்ததாக அர்த்தம். ஓட்டுப்பெட்டி நேற்று முளைத்த வழக்கம். கோல் வந்தது எப்போதென்று யாருக்கும் நினைவில்லை. அந்தக் கோல் நேற்று அந்தி வரை ஊராட்சி ஆபீஸ் சுவரில் தொங்கியது. இன்று காலையில் ஆணி மட்டும் தொங்குகிறது.

"கோல் இல்லாட்டி என்ன, பொங்கலா நின்னுடும்?" என்றேன் நான். ஓட்டு எண்ணி ஜெயித்தவருக்குக் கோல் எதற்கு என்பது என் கட்சி.

"தண்ணி நின்னுடும்" என்றார் உம்பெலினா அக்கா. "ரோட்டோரம் குழாய் அடுக்கிக் கிடக்குதே, பார்த்தியா? ஊரே சேர்ந்து சுமந்து பதிச்சாத்தான் அரசாங்கம் நமக்குத் தரும். மேலூர்க்காரங்க தோள் குடுக்கலைன்னா ஊத்து வரைக்கும் எப்படிச் சுமக்கிறது? அவங்க தலைவர் லௌரிந்தோ என்ன சொல்லிட்டார் தெரியுமா? 'கோல் சொன்னா வருவோம், ஓட்டுச்சீட்டு சொன்னா வர மாட்டோம்'னு. நாளைக்குள்ள வேலை ஆரம்பிக்கலைன்னா குழாய் பக்கத்து ஊராட்சிக்குப் போயிடும்."

பெலிஸ்மினா அக்கா வறுவலைப் பொட்டலம் கட்டி மடியில் செருகினார். அவர் தின்பண்டத்தைப் பாதியில் நிறுத்தினால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று பொருள்.

"வண்டியை எடுடா."

ஊராட்சி ஆபீஸுக்குக் கூரை புதுசு, சுவர் மட்டும் இந்தோனேசிய ராணுவம் ஊரை எரித்துவிட்டுப் போன காலத்துக் கரியோடு அப்படியே நின்றது. கதவில் பூட்டு பத்திரமாக இருந்தது. சாவி சிப்ரியானு பெரியவரிடம் இருக்கிறது. பின்பக்க ஜன்னலில் ஒரு கம்பி எப்போதோ போய்விட்டது.

"பெரியவர்தான் அக்கா" என்றேன். "நாற்காலியை விட மனசு வரலை. சாவியும் அவர்கிட்ட. வழக்கு முடிஞ்சுது, வாங்க, மிச்ச வறுவலைச் சாப்பிடலாம்."

"சாவி வெச்சிருக்கிறவன் ஜன்னல் ஏறுவானாடா?"

ஜன்னல் சட்டத்து ஆணியில் ஒரு குஞ்சம் மாட்டியிருந்தது. சிவப்பும் கறுப்புமாக முறுக்கி, நுனியில் முடிச்சுப் போட்ட நூல். அக்கா அதை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு எதிரே காப்பிக் கடை போட்டிருந்த பெந்தித்தாவிடம் போனார். பெந்தித்தாவுக்குக் கண் நன்றாகத் தெரியும், வாய் அதைவிட நன்றாக ஓடும்.

"பார்த்தேனே! அந்தி மசங்குற நேரம். ஆபீஸ் பின்னாலேருந்து ஒரு பொம்பளை வந்தா. நீல ரவிக்கை, கண்ணு மட்டும் தெரியுற மாதிரி முக்காடு, இடுப்புல தாய்ஸ் துணி. கக்கத்துல எதையோ சுத்தி வெச்சிருந்தா. 'யாரும்மா, எங்க போறே'ன்னு கேட்டேன். பதிலே இல்லை. அகங்காரம் பிடிச்சவ!"

"கக்கத்துல இருந்ததை என்ன பண்ணினா?"

"தடவிக்கிட்டே போனா. பாவம், பிள்ளை போலன்னு நெனச்சேன். கழுத்துலேருந்து அடிவரைக்கும் நீவி நீவி விட்டா. நடுவுல ஒரு தடவை குனிஞ்சு உஃப்னு ஊதினா."

"எந்தக் கக்கம்?"

"வலது. இடது கையால நீவினா."

பெலிஸ்மினா அக்காவின் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது. இந்தச் சிரிப்பு வந்தால் யாருக்கோ சனி பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

"அனிசெத்தோ, பொம்பளைங்க கட்டுற தாய்ஸ் எப்படி இருக்கும்?"

"மூட்டித் தைச்சிருக்கும். லுங்கி மாதிரி."

"குஞ்சம் எதுல தொங்கும்?"

"ஆம்பிளைங்க துணியி…" பாதி வார்த்தையில் எனக்கு உறைத்தது. "அக்கா! அது ஆம்பிளை!"

"ரவிக்கை போட்டான், முக்காடு போட்டான். பொம்பளைத் துணியை இடுப்புல சுத்த மட்டும் ரோஷம் விடலை. சரி, பிள்ளை வெச்சிருக்கிறவ பிள்ளை தலையில உஃப்னு ஊதுவாளா? கழுத்துலேருந்து வால் வரைக்கும் நீவி, கொண்டையில ஊதுறது யாருடா?"

"சேவக்கட்டுக்காரன்!"

சந்தேகமே இல்லை. எங்கள் ஊர் ஆண்களுக்குச் சேவல் கக்கத்தில் ஏறிவிட்டால் கை சும்மா இருக்காது. நீவும், ஊதும், மறுபடி நீவும். கட்டிய மனைவிக்கு வாழ்நாளில் கிடைக்காத கவனிப்பு அது. கக்கத்தில் இருப்பது கோல் என்பது அந்த ஆளின் கைக்குத் தெரியவில்லை.

"ஆனா அக்கா, இந்த ஊர்ல சேவல் இல்லாத ஆம்பிளை பாதிரியார் ஒருத்தர்தான். அவர்கிட்டயும் ஒண்ணு இருக்குன்னு பேச்சு."

"இடதுகைக்காரன் எத்தனை பேர்டா?"

பதவியேற்புக்கு வந்த கூட்டம் சாயங்காலம் வரை பொழுதுபோகச் சந்தைக்குப் பின்னால் சேவல்கட்டு போட்டிருந்தது. மேலூர்க்காரர்களும் கீழூர்க்காரர்களும் ஒருவரையொருவர் முறைத்தபடி வட்டமாகக் குந்தியிருந்தார்கள். சேவலின் காலில் கத்தி கட்டும் இடத்தில் மட்டும் இரண்டு ஊருக்கும் சமாதானம்.

அக்கா என்னைக் கடலை வாங்கி வரச் சொல்லிவிட்டு வட்டத்தைச் சுற்றி நடந்தார். இடது கக்கத்தில் சேவல், வலது கை நீவுகிறது. அடுத்தவர், அதே. லௌரிந்தோ கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இடது கக்கம்தான். கடைசியில், கூட்டத்தை விட்டுத் தள்ளி, தொங்கிய மீசையும் தொங்கிய முகமுமாக ஒருவர். வலது கக்கத்தில் செங்கறுப்புச் சேவல். இடது கை அதை நீவுகிறது. இடுப்புத் துணியின் ஓரத்தில் ஒரு குஞ்சத்தைக் காணோம், கிழவன் வாயில் பல் போன மாதிரி.

கடலைப் பொட்டலம் என் கையிலிருந்து நழுவியது.

"அக்கா… இவர் இலாரியு அண்ணன்! உம்பெலினா அக்கா வீட்டுக்காரர்!"

"கண்ணு எனக்கும் இருக்கு. கடலையைப் பொறுக்கு."

அப்போது யாரோ ஒருவன் கத்தினான். "என்ன இலாரியு, தலைவர் பொண்டாட்டி ஏன் தனியா உட்கார்ந்திருக்காங்க?" வட்டமே கொல்லென்று சிரித்தது. தேர்தல் முடிந்ததிலிருந்து அவருக்கு இதே பாட்டுதான். எனக்கு வெறுத்துவிட்டது. பொறாமையில் கட்டிய மனைவியின் கோலையே திருடியிருக்கிறான் மனுஷன்!

பெலிஸ்மினா அக்கா அவர் அருகில் போய்க் குந்தினார். வானொலிக் குரலை எடுத்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி அறிவித்தார்.

"காணவில்லை. ஓர் அம்மாள். நீல ரவிக்கை, முக்காடு அணிந்தவர். கேட்டால் பதில் சொல்லமாட்டார். அடையாளம்: பெரிய மீசை."

இலாரியு அண்ணன் சேவலைக் கீழே போட்டுவிட்டார். எங்கள் ஊரில் ஓர் ஆள் சேவலைத் தரையில் போடுவது செத்தால்தான்.

"அக்கா, மெதுவா… உங்க காலைப் பிடிக்கிறேன். என்கூட வாங்க."

அவர் வீட்டுப் பன்றிப்பட்டிக்குப் பின்னால் போனோம். கூரை ஓலைக்குள் கையை விட்டு ஒரு நீளமான மூட்டையை உருவினார். பிரித்துக் காட்டினார். பிரம்பு அதேதான். உச்சியில் குமிழைப் பார்த்ததும் நான் வாயைப் பிளந்தேன். பாதி வெள்ளி, பாதி தங்கம் மாதிரி மஞ்சள்.

"நான் திருடலை அக்கா! என் பொண்டாட்டி கையில ஏறப்போற கோல். கறுத்துப்போய்க் கிடந்துச்சு. விளக்கிப் பளபளன்னு திரும்ப மாட்டிடலாம்னு எடுத்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க வெள்ளி உரிஞ்சு வருது! உயிரே போச்சு!"

"அதுக்கு ஏன்யா ரவிக்கை?" என்றேன்.

"பொண்டாட்டி கோலைப் புருஷன் விளக்குறான்னு தெரிஞ்சா நான் சேவக்கட்டுல தலை காட்ட முடியுமா?"

"அப்புறம் ஏன் உங்க துணியையே கட்டிக்கிட்டுப் போனீங்க?"

"பொம்பளைத் துணியைக் கட்டுறதா?" அண்ணனின் மீசை துடித்தது. "எனக்கும் மானம் மரியாதை இருக்குடா!"

பெலிஸ்மினா அக்கா குமிழைப் பிடித்துத் திருகினார். அது சுற்றிச் சுற்றிக் கழன்று வந்தது. உள்ளே மரை. வெளியே உரிந்துகொண்டிருந்தது பெயிண்ட்.

"இது வெள்ளியுமில்லை, தங்கமுமில்லை" என்றார். "பித்தளை. இரும்புக் கட்டில் கால்ல இருக்குமே, அந்தக் குமிழ்."

"தெரியும் அக்கா" என்று இலாரியு அண்ணன் முனகினார். "அதான் திரும்ப மாட்டலை. இதை அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"சொல்ல வேண்டாம். கேட்டுட்டேன்."

பட்டியின் மறுபக்கம் உம்பெலினா அக்கா நின்றுகொண்டிருந்தார். நாங்கள் அவர் கணவரை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறார். கண்ணில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. அதைவிட மோசமாக, அதில் ஒன்றுமே இல்லை.

"அப்ப நான் ஜெயிச்சதும் பொய்தானா?" என்றார்.

"நீ ஜெயிச்சது நிஜம்டி" என்றார் இலாரியு அண்ணன். "கோல்தான் பொய்."

அந்த மீசைக்காரரை அந்த நிமிடம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நான் மறுபடி என் பழைய முடிவுக்கே வந்தேன். "அக்கா, சந்தேகமே வேண்டாம். பெரியவர் நிஜக் கோலைப் பதுக்கிட்டு, கட்டில் குமிழைச் சுவத்துல மாட்டியிருக்கார்!"

"முதல் தடவையா உருப்படியாப் பேசியிருக்கே" என்றார் பெலிஸ்மினா அக்கா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது நீடித்தது பெரியவர் வீட்டு வாசல் வரைதான்.

சிப்ரியானு பெரியவர் பதவியேற்புக்காகத் தலையில் சேவல் இறகுகளைச் செருகிக்கொண்டிருந்தார். பாதி தேய்த்த குமிழைப் பார்த்ததும் கையிலிருந்த இறகு அப்படியே நின்றது.

"தேய்க்கிறதுதான் தேய்ச்சீங்க, முழுசாத் தேய்ச்சிருக்கலாம்ல" என்றார்.

"நிஜக் கோல் எங்கே பெரியவரே?" பெலிஸ்மினா அக்கா கேட்டார்.

"தொண்ணூத்தொன்பதுல எல்லாம் எரிஞ்சப்ப அதுவும் எரிஞ்சுது. நாங்க மலையை விட்டு இறங்கி வந்தா, ஊரே கறுப்பு. நிவாரணத் தகரத்துக்கு அண்ணன் தம்பி அடிச்சிக்கிறான். நான் தலைவன்னு கத்துறேன், ஒரு பய திரும்பலை. சாம்பலைக் கிளறினேன், இந்தக் குமிழ் கிடைச்சுது. பிரம்பு வெட்டி மாட்டினேன். வெளிநாட்டுப் படைக்காரங்க லாரிக்கு அடிச்ச பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்துது. அடிச்சேன். மறுநாள் கோலோட போய் நின்னேன், எல்லாரும் வரிசையில நின்னாங்க."

"அப்ப எரிஞ்சதுதான் நிஜம்" என்றேன், விடாமல்.

பெரியவர் கூரையைப் பார்த்தார். "அது… ஜப்பான்காரன் போனதுக்கப்புறம் எங்கப்பா பண்ணினது. கோயில் மெழுகுவத்தித் தண்டு."

"அதுக்கு முந்தி?"

"போர்ச்சுகீசியன் குடுத்ததுன்னு எங்க பாட்டன் சொல்லுவார். பாட்டன் வாயில உண்மை வந்து யாரும் பார்த்ததில்லை."

பெலிஸ்மினா அக்கா சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரியவரும் சேர்ந்துகொண்டார், இறகெல்லாம் ஆடியது. பிறகு நான். சிரிக்காதவர்கள் கூடவே வந்திருந்த உம்பெலினா அக்காவும் இலாரியு அண்ணனும் மட்டும்தான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஆலமரத்தடியில் பறை அடிப்பது இங்கே கேட்டது.

"என்கிட்ட வெள்ளிப் பெயிண்ட் இருக்கு" என்றார் இலாரியு அண்ணன் பரிதாபமாக. "ஒரு பூச்சுப் பூசினா யாருக்கும் தெரியாது. காயுற வரைக்கும் ஊதுறேன்."

உம்பெலினா அக்கா குமிழைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். நசுங்கின பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"வேண்டாம்" என்றார். "மிச்சத்தையும் விளக்கு."

ஆலமரத்தடியில் எள் போட்டால் எள் விழாது. ஒரு பக்கம் மேலூர், ஒரு பக்கம் கீழூர், நடுவில் பாதிரியார். சிப்ரியானு பெரியவர் கோலை நீட்டினார். உம்பெலினா அக்கா வாங்கி உயர்த்தினார். மேற்கு வெயில் பட்டுக் குமிழ் கண்ணைப் பறித்தது.

லௌரிந்தோ எழுந்தார்.

"நிறுத்துங்க! பழைய கோல் வெள்ளி. இது மஞ்சளா மின்னுது. அட, இது கட்டில் குமிழ்யா! எங்களை என்ன, காதுல பூ வெச்சவங்கன்னு நெனச்சீங்களா?"

மேலூர்க்காரர்கள் அத்தனை பேரும் சேவலோடு எழுந்தார்கள். முடிந்தது கதை என்று நான் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினேன். பெலிஸ்மினா அக்கா என் கையை அமுக்கினார்.

"ஆமா, கட்டில் குமிழ்தான்" என்றார் உம்பெலினா அக்கா. குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "பழைய கோல் எரிஞ்சு போச்சு லௌரிந்தோ அண்ணே. எரிஞ்ச வீட்டுச் சாம்பல்ல இது மிஞ்சிச்சு. இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பெரியவர் நமக்குத் தகரம் பிரிச்சுக் குடுத்தார், கூரை போட வெச்சார். அப்ப நீங்களும் வரிசையில நின்னீங்க. உங்க வீட்ல சாம்பலைக் கிளறினப்ப என்ன மிஞ்சிச்சு? சொல்லுங்க."

லௌரிந்தோவின் கை கக்கத்துச் சேவலை வேகமாக நீவியது.

"கட்டில்தான்" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "இரும்புக் கட்டில்."

"எங்க வீட்லயும் அதுதான்."

"எங்க வீட்ல நாலு கால் மட்டும் நின்னுது."

பெந்தித்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். "இருங்க, இருங்க! அது என் கல்யாணக் கட்டில் குமிழ்! நாலுல மூணுதான் கிடைச்சுது. ஒண்ணைத் தேடித் தேடி அலுத்துப்போனேன்!"

"உன் கட்டில் மரக்கட்டில்டி! இது எங்க அத்தையோடது!"

"உங்க அத்தைக்கு ஏது கட்டில்? பாயிலதானே படுத்தாங்க!"

பிறகு நடந்ததை எழுத எனக்குப் பக்கம் போதாது. ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். சேவல்கள் கூவின. பாதிரியார் தன் மேலங்கியைக் காப்பாற்றிக்கொண்டு மரத்தில் சாய்ந்துவிட்டார். நடுவில் லௌரிந்தோ எல்லாரையும் முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்து குமிழை உற்றுப் பார்த்தார். அந்தக் கல்லு முகம் அசைந்தது.

"தள்ளுங்கய்யா எல்லாரும்! இது எங்கம்மா கட்டில். இந்த நசுங்கல் நான் பண்ணினது. சின்ன வயசுல கல்லால அடிச்சு உதை வாங்கினேன். சத்தியம்!"

மலைமேல் மேலூரில் இருந்த கட்டிலின் குமிழ் கீழூர்ச் சாம்பலுக்கு எப்படி உருண்டு வந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பெலிஸ்மினா அக்கா என் காலை மிதித்தார்.

உம்பெலினா அக்கா கோலை லௌரிந்தோவின் முகத்துக்கு நேராக நீட்டினார். "அம்மா கட்டிலா அண்ணே? அப்ப இது சொன்னா கேப்பீங்கல்ல?"

"எங்கம்மா பேச்சை நான் தட்டினதே இல்லை."

"முதல் குழாயை யார் தூக்குறது?"

லௌரிந்தோ சுற்றுமுற்றும் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சேவலைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார், துணியை மடித்துக் கட்டினார்.

"மேலூர்தான்! வேற எவன் தொட்டாலும் கையை உடைப்பேன்!"

"அதெப்படி? என் கட்டில்!" என்று பெந்தித்தா கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடினாள். அவள் பின்னால் கீழூரே ஓடியது. நாளை என்ன நாளை, இன்றே இரண்டு ஊரும் அடித்துக்கொண்டு குழாய்களைத் தூக்கின. உம்பெலினா அக்கா கோலைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்தார். இலாரியு அண்ணன், சேவல்கட்டுக் கூட்டத்தின் கண்முன்னாலேயே, தன் சட்டை நுனியால் குமிழில் பட்ட தூசியைத் துடைத்துவிட்டார்.

ஆலமரத்தடியில் சிப்ரியானு பெரியவரும் நாங்களும் மட்டும்தான் மிச்சம். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"பெரியவரே, இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. அந்தக் குமிழ் யார் வீட்டுது?"

அவர் தலையிலிருந்து இறகுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுது" என்றார். "என் பொண்டாட்டி படுத்திருந்த கட்டில். மலைக்கு ஓடினப்ப எங்கூட வந்தா. திரும்பி வரலை."

பெலிஸ்மினா அக்காவின் கையிலிருந்த வறுவல் வாய்க்குப் போகவில்லை.

"போய்ச் சொல்லட்டுமா பெரியவரே?" என்றேன். "ஆளாளுக்கு எங்களுதுங்கிறாங்களே."

ரோட்டில் குழாயும் கூச்சலுமாகப் போகிற கூட்டத்தை அவர் பார்த்தார். லௌரிந்தோவும் பெந்தித்தாவும் ஒரே குழாயின் இரண்டு முனையில் திட்டிக்கொண்டே போனார்கள்.

"வேணாம்டா. அவளுக்குக் கூட்டம்னா ரொம்பப் பிடிக்கும்."

துணியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆள் குறைவாக இருந்த ஒரு குழாயைப் பார்த்து அவரும் நடந்தார்.